தக்காளி சீஸ் சிக்கன் சரியாக வரவில்லையா? அறிகுறியைச் சொல்லுங்கள், காரணத்தைத் தேடலாம்

எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று இரவாவது இதுதான் சாப்பாடு. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு இரவில் சோறும் தோசையும் குறைந்துபோய், கோழி, தக்காளி, சீஸ் மூன்றையும் ஒரே கடாயில் போட்டு அரை மணி நேரத்தில் இறக்குவது வழக்கமாகிவிட்டது. வழக்கமாவதற்குள் இதில் என்னென்ன கெட்டுப்போகுமோ அத்தனையும் என் கையாலேயே கெட்டுப்போய், ஒவ்வொன்றாகச் சரிசெய்து கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. குழம்பு நீர்த்துப்போனால் சோற்றில் பிசைந்து சமாளித்துவிடலாம். இதில் சோறே கிடையாது, தட்டில் இருப்பது கோழி மட்டும்தான். அது வாயில் வைக்க முடியாமல் போனால் அன்றைக்கு ராத்திரி அப்பா மறுபடி மூன்று தோசைக்குப் போய்விடுவார். அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

நான் எடுக்கும் அளவு, மூன்று பேருக்கு: எலும்பில்லாத கோழி அரை கிலோ, தக்காளி 400 கிராம், மொஸரெல்லா சீஸ் 100 கிராம், பூண்டு 6 பல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள், ஓரிகானோ இருந்தால் கொஞ்சம், இல்லாவிட்டால் கொத்தமல்லித் தழை. கோழியை இரண்டு பக்கமும் சிவக்க வறுத்துத் தனியாக எடுத்து, அதே கடாயில் பூண்டு, தக்காளியை வதக்கிச் சுண்டவிட்டு, கோழியைத் திரும்பப் போட்டு, மேலே சீஸ் தூவி மூடினால் முடிந்தது. இந்த அளவுக்கு மாவுச்சத்து ஆளுக்குச் சுமார் 8 கிராம் வரும், ஏறக்குறைய ஒரு சின்ன இட்லியில் இருக்கும் அளவு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கோழியின் மேல் இருக்கும் தண்ணீர், தக்காளிக்குள் இருக்கும் தண்ணீர், சீஸில் இருக்கும் தண்ணீர், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் ஆள்.

## கடாய் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது

அடிக்கடி வருவது இதுதான். எந்த நேரத்தில் தண்ணீர் தெரிய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள், காரணம் தானாகப் பிடிபடும்.

### கோழி வறுக்கும்போதே தண்ணீர் விடுகிறது

கோழியைப் போட்டதும் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்து, அது குறையாமல் இருக்க வேண்டும். அரை நிமிடத்தில் சத்தம் அடங்கி, ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டி, கோழி வெந்நீரில் கிடப்பது போல் இருந்தால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

கோழியைத் துடைத்தீர்களா? மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசுவது நம் வீட்டுப் பழக்கம். உண்மையில் அலசத் தேவையே இல்லை, அலசும்போது தெறிக்கும் தண்ணீரோடு கிருமிகள் சிங்க் முழுக்கப் பரவும், கொல்வது வேகவைக்கும் சூடுதான். அம்மாவிடம் இதைச் சொல்லி நான் இன்னும் ஜெயிக்கவில்லை. அலசித்தான் ஆக வேண்டும் என்றால் அலசுங்கள், ஆனால் வடிதட்டில் பத்து நிமிடம் வைத்து, பிறகு டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள், எடுத்த கையோடு சிங்க்கையும் கழுவிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கே பாதிப் பிரச்சினை போய்விடும்.

கடாயில் இடம் இருக்கிறதா? அரை கிலோவையும் ஒரே நேரத்தில் கொட்டினால் கடாய் ஆறிப்போகும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி இருக்கும்படி இரண்டு ஈடாக வறுங்கள். ஐந்து நிமிடம்தான் கூடும்.

ஃப்ரீசர் கோழியா? ஐஸ் முழுசாக விடாமல் போட்டால் உள்ளே இருக்கும் ஐஸ் எல்லாம் கடாயில்தான் வடியும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரில் இருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். அவசரம் என்று சமையல் மேடையில் மணிக்கணக்காக வெளியே வைக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தண்ணீர் விட்டால் அடுப்பைப் பாருங்கள். பெரிய பர்னரில் மூடி போட்ட 1 லிட்டர் தண்ணீர் ஐந்து, ஆறு நிமிடத்தில் கொதித்துவிட வேண்டும். பத்தைத் தாண்டினால் தீ போதவில்லை. பர்னர் மூடியைக் கழற்றி, ஓட்டைகளைக் குண்டூசியால் குத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். அப்புறமும் தீ மஞ்சளாக எரிந்து கடாயின் அடி கறுத்தால் நீங்களே ஜெட்டைக் கழற்ற வேண்டாம், அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அவர் வரும்போது டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் வாசனை வந்தால் அது தனிக் கதை. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

### தக்காளி போட்ட பிறகு தண்ணீர்

தக்காளியில் 100-க்கு 94 பங்கு தண்ணீர்தான். எந்தத் தக்காளி வாங்கினீர்கள் என்பது இங்கே முக்கியம். ரசத்துக்கு நாட்டுத் தக்காளியை விட்டால் வேறில்லை, ஆனால் இந்தச் சமையலுக்கு அது விதையும் சாறும் புளிப்புமாக இருக்கும். பெங்களூர்த் தக்காளி சதை கெட்டி, புளிப்பும் குறைவு, இதற்கு அதுதான். வீட்டில் நாட்டுத் தக்காளிதான் இருக்கிறது என்றால் பாதியாக வெட்டி, விதைப் பகுதியை ஒரு கிண்ணத்தில் பிழிந்து எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். பிழிந்த சாற்றை மறுநாள் ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

தக்காளி வேகும்போது மூடி போட்டீர்களா? மூடியில் படியும் ஆவி திரும்பக் கடாய்க்குள்தான் சொட்டும். முதல் மூன்று நிமிடம் குழைவதற்கு மூடலாம், பிறகு திறந்தே வைத்துச் சுண்டவிடுங்கள். சுண்டியதா என்று பார்க்க ஒரு சோதனை: கரண்டியால் கடாயின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரண்டு விநாடி அப்படியே நின்று, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வந்தால் கோழியைப் போடலாம். பெரும்பாலும் பத்து நிமிடம் ஆகும். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் குறுக்க முடியாது, குறுக்கினால் அது தட்டில் வந்து நிற்கும்.

காளான், குடைமிளகாய், சுரைக்காய் என்று கூடச் சேர்ப்பவர்கள் அதைத் தனியாக வதக்கித் தண்ணீர் வற்றிய பிறகு சேருங்கள்.

### சீஸ் போட்ட பிறகு தண்ணீர்

உருண்டையாகத் தண்ணீரில் மிதக்க விட்டு விற்கும் மொஸரெல்லாவாக இருக்கும். பிய்த்து ஒரு துணியில் பதினைந்து நிமிடம் வடியவிடுங்கள், போதும்.

### ஏற்கெனவே நீர்த்துவிட்டது, என்ன செய்வது

கார்ன்ஃபிளவரைத் தொடாதீர்கள். அதில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 90 கிராம் மாவுச்சத்து, நாம் எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபடுகிறோமோ அதையே கரண்டியால் அள்ளிப் போடுவதாகிவிடும். கோழியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, தீயைக் கூட்டி, கடாயில் இருப்பதை மட்டும் சுண்டவிடுங்கள். கோழியோடு சேர்த்துச் சுண்டவைத்தால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்து சக்கைப் பிரச்சினை ஆரம்பிக்கும்.

## கறி சக்கையாக இருக்கிறது

### மெல்ல முடிகிறது, ஆனால் வறட்சி

நெஞ்சுக்கறி இரண்டு நிமிடம் கூடினாலே வறண்டுபோகும். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தால் கோழி வெந்துவிட்டது, அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்தான். நாம் ஆட்டுக்கறி பழக்கத்தில் ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும்’ என்று விடுகிறோம். ஆட்டுக்கறி வேக வேக மிருதுவாகும், கோழி நெஞ்சுக்கறி வேக வேக இறுகும்.

செலவில்லாத வழி முதலில். முன்கூட்டியே உப்பு போடுங்கள்: அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் தடவி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், கறி தன் ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். இந்த உப்பைக் கணக்கில் வைத்துக்கொண்டு தக்காளிக்கு உப்பைக் குறையுங்கள், மறந்தால் உப்புக் கரிக்கும்.

அடுத்து, முதல் வறுவலில் முழுக்க வேகவைக்காதீர்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனமான துண்டுக்குப் பக்கத்துக்கு இரண்டரை, மூன்று நிமிடம், நிறம் வந்தால் போதும். மீதி தக்காளியில் வேகும். பலரும் இரண்டு தடவை முழுசாக வேகவைக்கிறார்கள், கோழி சக்கையாவது அதனால்தான்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். இந்தச் சமையலுக்காக நான் வாங்கியதில் உருப்படியானது அது ஒன்றுதான். அதுவும் வேண்டாம் என்றால் கடையில் நெஞ்சுக்குப் பதிலாகத் தொடைப்பகுதியில் போன்லெஸ் கேளுங்கள். சில கடைகளில் முகம் சுளிப்பார்கள், எலும்பு எடுக்கக் கூலி கூடக் கேட்பார்கள், ஆனால் தொடைக்கறி ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் உங்களைக் கைவிடாது.

### மரக்கட்டை மாதிரி நறுக்நறுக்கென்று கடிபடுகிறது

இது உங்கள் தவறு அல்ல. வேகமாக எடை போடும் பிராய்லர் கோழிகளில் சிலவற்றுக்கு நெஞ்சுக்கறியே கட்டை தட்டிப்போய்விடும். பச்சையாக இருக்கும்போதே விரலால் அழுத்திப் பாருங்கள்: நல்ல கறி அமுங்கி எழும்பும், இது தடித்து, வெளிறி, அமுங்காமல் நிற்கும். சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் உப்பு, தயிர், நேரம் எதற்கும் மசியாது. கொத்துக்கறியாக அரைத்து அதே தக்காளியில் போட்டுவிடுங்கள். அடுத்த தடவை பெரிய கோழியை விட்டுவிட்டு, ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும் கோழியாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

## வெளியே கருகுகிறது, உள்ளே பச்சை

நெஞ்சுக்கறியின் ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மெலிசாகவும் இருப்பதால் வருவது. படுக்கைவாக்கில் இரண்டாகக் கீறுங்கள், அல்லது ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தட்டி ஒரே கனமாக்குங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து உடனே போடாமல் கால் மணி நேரம் கழித்துப் போடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் நடுத்துண்டுகள் மட்டும் கருகினால் கடாயின் அடி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், மேடையில் வைத்துத் தட்டினால் ஆடும்.

எலும்போடு சமைப்பவர்களுக்கு: எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக இருந்தால் உடனே பச்சை என்று முடிவு செய்யாதீர்கள். இளம் பிராய்லரில், அதுவும் ஃப்ரீசரில் இருந்து வந்ததில், எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிந்து அப்படித் தெரியும். நிறத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சந்தேகத்தின் பலனைக் கோழிக்குக் கொடுக்க வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள்.

## சீஸ் சரியில்லை

### உருகவே மாட்டேன் என்கிறது

பனீரைத் துருவிப் போட்டிருந்தால் அது உருகாது, எவ்வளவு நேரம் வைத்தாலும் உருகாது. புளிப்பு ஊற்றித் திரித்த எதுவும் அப்படித்தான். மொஸரெல்லா என்று நினைத்து வாங்கியது உருகவில்லை என்றால் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். தாவர எண்ணெய், ஸ்டார்ச் என்று எழுதியிருந்தால் அது சீஸ் மாதிரி செய்த வேறு பொருள், மாவுச்சத்தும் அதில் ஒளிந்திருக்கும். துருவியே விற்கும் பாக்கெட்டிலும் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் ஸ்டார்ச் தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதே நல்லது.

### உருகுகிறது, ஆனால் நூல் இழுக்கவில்லை

வெண்ணெய்க் கட்டி மாதிரி டப்பாவில் வரும் பிராசஸ்டு சீஸ் அது. அதன் இயல்பே குழைவது, இழுபடுவது அல்ல. ருசிக்குக் குறைவில்லை, நூல் வேண்டும் என்றால் மொஸரெல்லா வாங்குங்கள்.

### ரப்பர் மாதிரி, மேலே எண்ணெய் மிதக்கிறது

சூடு கூடிவிட்டது. சீஸ் தூவியதும் அடுப்பை அணைத்து மூடுங்கள், கடாயில் இருக்கும் சூட்டிலேயே இரண்டு, மூன்று நிமிடத்தில் உருகிவிடும். சிவந்து பொன்னிறமாக வேண்டும் என்பவர்கள் ஓடிஜி அவனில் மேல் கம்பி மட்டும் எரியும்படி வைத்து மூன்று நிமிடம் பாருங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். மேல் கம்பி சிவக்கவில்லை என்றால் முதலில் மோட் குமிழ் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் சிவக்கவில்லை என்றால் கம்பி போய்விட்டது, மின்சார வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்கள் திறக்க வேண்டாம்.

### திரிதிரியாகப் போய்விட்டது

கொதிக்கும் புளிப்பான தக்காளியில் சீஸைப் போட்டுக் கிளறியிருப்பீர்கள். காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது: அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, ஒரு பிராசஸ்டு சீஸ் ஸ்லைஸைப் பிய்த்துப் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். அதில் இருக்கும் உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் வகை, பிரிந்ததும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

## புளிப்பு தூக்கலாக இருக்கிறது

சர்க்கரை போடுவதுதான் கை போகும் இடம், போடாதீர்கள். முதலில் இன்னும் மூன்று நிமிடம் சுண்டவிடுங்கள், பச்சை வாசனை போனாலே புளிப்பு பாதி அடங்கும். பிறகு ஒரு துண்டு வெண்ணெய் அல்லது ஒரு கரண்டி ஃபிரெஷ் கிரீம். அதற்கும் அடங்காவிட்டால் சமையல் சோடா ஒரு சிட்டிகை, எட்டில் ஒரு பங்கு டீஸ்பூனுக்கு மேல் போகாமல். நுரைத்து அடங்கும், அடங்கிய பிறகு ருசி பாருங்கள், கூடினால் சோப்பு வாடை வரும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர் வீட்டில் சோடாவைத் தவிர்த்துவிடுங்கள்.

## இரும்பு வாடை அடிக்கிறது

இரும்புச் சட்டியிலோ அலுமினியத்திலோ தக்காளியைச் சுண்டவிட்டிருக்கிறீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறுங்கள். இரும்புச் சட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிக் காயவைத்தால் பழையபடி பழகிவிடும்.

## கவுச்சி அடிக்கிறது

சமைத்த பிறகு லேசாக அடிக்கிறது என்றால் சிவக்க வறுக்காமல் அவித்த மாதிரி ஆகியிருக்கும், மேலே தண்ணீர்ப் பகுதிக்குப் போங்கள். பச்சையாக இருக்கும்போதே புளித்த வாடை வந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் எந்த மசாலாவாலும் அதை மறைக்க முயலாதீர்கள். தூக்கிப் போடுங்கள். இருநூறு ரூபாய் போனால் போகட்டும்.

## சாப்பிட்ட பிறகும் சர்க்கரை ஏறுகிறது

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கிறது. கோழியையும் சீஸையும் குறை சொல்வதற்கு முன் பாட்டில்களைப் பாருங்கள். தக்காளி கெட்சப்பில் 100 கிராமுக்கு 25 கிராமை ஒட்டி மாவுச்சத்து இருக்கும், பெரும்பாலும் சர்க்கரைதான். ரெடிமேட் பாஸ்தா சாஸிலும் சர்க்கரை சேர்ப்பது உண்டு. வெங்காயம் இரண்டு பெரிதாகப் போட்டால் அதுவே 15 கிராமுக்கு மேல் போகும். பக்கத்தில் ‘ஒரே ஒரு’ சப்பாத்தி வைத்துக்கொண்டதையும் கணக்கில் எடுங்கள். அப்பா அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார், பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து கண்டுபிடிப்போம்.

இவை எதுவும் இல்லாமல் மூன்று, நாலு நாள் தொடர்ந்து ஏறினால் எழுதி வைத்த அளவுகளோடு டாக்டரைப் பாருங்கள்.

### ஏறவில்லை, இறங்குகிறது

இதற்குக் காத்திருக்கக் கூடாது. இன்சுலின் போடுபவரோ கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை எடுப்பவரோ இரவில் சோற்றை நிறுத்திவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று விழும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்து அளவு 70-க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் வேறு ஆபத்து, சர்க்கரை அளவு ஓரளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் கூடலாம், வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கோழியின் அளவையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதனால் இந்தச் சாப்பாட்டை வழக்கமாக்கும் முன் ஒரு தடவை மருந்துச் சீட்டோடு டாக்டரிடம் போய், ‘ராத்திரி சோற்றை நிறுத்தப் போகிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்ன அன்றைக்கே அப்பாவின் இரவு மாத்திரையைக் குறைத்தார்கள்.

## மறுநாள் சூடு பண்ணினால் கெட்டியாகிறது

சீஸ் இரண்டாவது தடவை உருகும்போது இறுகத்தான் செய்யும். மிச்சம் வரும் என்று தெரிந்தால் சீஸ் போடுவதற்கு முன்பே மறுநாள் பங்கைத் தனி டப்பாவில் எடுத்துவிடுங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். மறுநாள் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கச் சூடுபண்ணி, அடுப்பை அணைத்த பிறகு புதிதாகச் சீஸ் துருவிப் போடுங்கள்.